தாய்ப்பாலில் உள்ளதற்கும் பேட்டண்டா? தேடிப் பார்த்து, படித்து, எதிர்ப்பது எப்படி

"தாய்ப்பாலையே பேட்டண்ட் எடுத்துட்டானுங்க" என்று ஒரு ஃபார்வர்ட் எங்கள் பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் அவ்வப்போது கிளம்பிவிடும். பேட்டண்ட் என்றால் காப்புரிமை, ஒரு கண்டுபிடிப்பை மற்றவர்கள் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கிற உரிமை. கூடவே பால்குடவாழை அரிசி, முளைகட்டிய கேழ்வரகு, சத்துமாவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து "அடுத்து இதுதான்" என்று பயமுறுத்துவார்கள். அதில் பாதி பொய், பாதி உண்மை. எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு சாயங்கால நேரமும் இன்டர்நெட் உள்ள போனும் போதும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை பக்கம் சத்துமாவு அரைத்து விற்கிற மகளிர் குழுக்களையும், பாரம்பரிய நெல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பயந்து ஒதுங்குவதும் வேண்டாம், கோபத்தில் ஷேர் பண்ணிவிட்டு மறந்துபோவதும் வேண்டாம். இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் சாதாரண ஆளுக்கும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது, அதில் நுழையத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

முதலில், எதைப் பற்றிய சண்டை இது

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒலிகோசாக்கரைடு என்கிற சர்க்கரைத் தொடர்கள். எச்எம்ஓ என்று சுருக்கிச் சொல்வார்கள். கிட்டத்தட்ட இருநூறு வகை கண்டுபிடித்திருக்கிறார்கள். குழந்தைக்கு இது செரிக்காது, குழந்தையின் குடலில் வளர்கிற நல்ல பாக்டீரியாவுக்குத்தான் இது தீனி. சீம்பாலில் இன்னும் அதிகமாக இருக்கும். இவற்றில் பெரும்பாலான தாய்மார்களின் பாலில் நிறைய இருப்பது 2'-ஃப்யூகோசில்லாக்டோஸ். மரபணு அமைப்பைப் பொறுத்து சில தாய்மார்களுக்கு இது சுரக்காது, அதனால் அவர்கள் பால் குறைந்த பால் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், மற்ற வகைகள் அதில் இருக்கின்றன.

இந்தப் பொருளை ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, தொட்டியில் நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவில் அபாட் நிறுவனம் இதைச் சேர்த்த பால்மாவைக் கொண்டுவந்தது. இதைத் தயாரிப்பதில் முன்னோடியாக இருந்த டென்மார்க்கின் கிளைகாம் நிறுவனத்தையும் ஜெர்மனியின் யென்னவைன் நிறுவனத்தையும் 2020-ல் டிஎஸ்எம், கிறிஸ்டியன் ஹான்சன் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டன. தொழிற்சாலையோடு சேர்த்து அவர்கள் வாங்கியது காப்புரிமைக் கட்டுகளையும்தான்.

அதற்கு முன்னால் டிஎச்ஏ. அதுவும் தாய்ப்பாலில் இயற்கையாக இருக்கிற கொழுப்பு. அமெரிக்காவின் மார்ட்டெக் கம்பெனி நுண்பாசியிலிருந்து அதை எடுத்தது, 2002-லிருந்து அங்கே பால்மாவில் சேர்க்கிறார்கள். அப்புறம் லாக்டோபாசில்லஸ் ரியூடெரி என்ற பாக்டீரியா. குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாக உலகம் முழுக்க விற்கிற அந்த வகையின் மூலம், 1990-ல் பெரு நாட்டில் ஒரு தாயின் பாலிலிருந்து பிரித்தெடுத்தது. வியாபாரம் செய்வது ஸ்வீடன் கம்பெனி.

ஆக இயற்கையில் இருக்கிற பொருளைச் சுற்றி காப்புரிமை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் "சுற்றி" என்றால் எந்த இடத்தில் என்று பார்க்கவேண்டும்.

எண்ணைப் பிடியுங்கள்

யாராவது "பேட்டண்ட் எடுத்துட்டாங்க" என்று சொன்னால் முதலில் கேட்கவேண்டியது நம்பர். நம்பர் இல்லாத செய்தியை ஃபார்வர்ட் பண்ணவே பண்ணாதீர்கள். டப்பாவிலோ நோட்டீஸிலோ எண் போட்டிருந்தால் எண்ணுக்கு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்தைப் பாருங்கள். யுஎஸ் என்றால் அமெரிக்கா, ஈபி என்றால் ஐரோப்பா, டபிள்யூஓ என்றால் உலக அறிவுசார் சொத்து அமைப்பு வழியாகப் போட்ட சர்வதேச விண்ணப்பம், ஐஎன் என்றால் இந்தியா. இந்த டபிள்யூஓ என்பதை "உலகம் முழுக்க பேட்டண்ட்" என்று போட்டுப் பரப்புகிறார்கள். அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. அது வெறும் விண்ணப்பம், ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் போய் வாங்கவேண்டும். இந்தியாவுக்குள் வர முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து, 31 மாதம் அவகாசம். அதற்குள் இங்கே வராவிட்டால் அந்த விண்ணப்பத்துக்கும் மன்னார்குடிக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்காவுக்குள்தான் செல்லும். நீங்கள் சத்துமாவை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி பண்ணினால் ஒழிய அது உங்களைத் தொடாது.

எண் இல்லையென்றால் கூகுள் பேட்டண்ட்ஸிலோ, ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டிலோ கம்பெனி பெயரையும் பொருளின் பெயரையும் போட்டுத் தேடுங்கள், இரண்டும் இலவசம். இந்தியாவில் என்ன நிலை என்று பார்க்க இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் இன்பாஸ் என்ற தேடல் பக்கம் இருக்கிறது. விண்ணப்பதாரர் பெயர், தலைப்பு, சுருக்கம் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். பெயரை ஆங்கிலத்தில்தான் போடவேண்டும், அதுவும் தாவரவியல் பெயரையும் சேர்த்து இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள், கேழ்வரகை ராகி என்றும் போடுவான், ஃபிங்கர் மில்லட் என்றும் போடுவான், எலூசின் கொரகானா என்றும் போடுவான். வகைப்பாட்டு எண் வழியாகவும் தேடலாம்: ஏ23எல் 33 என்பது சத்து சேர்த்த உணவுகள், ஏ23எல் 7 என்பது தானியத் தயாரிப்புகள், ஏ23சி 9 என்பது பால் தயாரிப்புகள். வெளிநாட்டுக் கம்பெனியை மட்டும் தேடாதீர்கள். சிறுதானியக் கலவை, முளைகட்டிய மாவு என்று இந்தியாவிலேயே எத்தனையோ கல்லூரிகளும் ஸ்டார்ட்அப்களும் விண்ணப்பம் போடுகின்றன, சத்துமாவு விற்கிறவர்களுக்கு என்னைக் கேட்டால் அவர்கள்தான் கிட்டத்து ஆபத்து.

விண்ணப்பம் கிடைத்ததும் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருடம். நடுவில் ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் செத்துவிடும். 1990களின் தொடக்கத்தில் டிஎச்ஏ மேல் போட்ட முதல் காப்புரிமைகள் எல்லாம் எப்போதோ காலாவதி. இன்பாஸில் நிலவரம் என்ற இடத்தில் வெளியிடப்பட்டது, பரிசீலனையில், வழங்கப்பட்டது, மறுக்கப்பட்டது, கைவிடப்பட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதே பக்கத்தில் ஆவணங்களைத் திறந்தால் அலுவலகம் கேட்ட ஆட்சேபக் கேள்விகள், கம்பெனி கொடுத்த பதில் எல்லாம் பிடிஎஃப்பாகக் கிடக்கும். இதை ஒருத்தரும் படிப்பதில்லை. படியுங்கள். பல சமயம் விண்ணப்பத்தை ஆராய்கிற அலுவலகப் பரிசோதகரே நமக்கு வேண்டிய ஆட்சேபத்தைப் பாதி எழுதி வைத்திருப்பார்.

தலைப்பைப் படிக்காதீர்கள், கோரிக்கையைப் படியுங்கள்

ஐம்பது அறுபது பக்கம் இருக்கிற ஒரு காப்புரிமையில் சட்டப்படி சொந்தம் கொண்டாடுவது கடைசியில் எண் போட்டு வருகிற கோரிக்கைகளை மட்டும்தான், கிளைம்ஸ் என்பார்கள். மேலே தலைப்பில் "தாய்ப்பால் ஒலிகோசாக்கரைடு" என்று இருக்கும், பார்த்தவுடன் வயிறு பற்றி எரியும், கீழே போனால் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபணுவைச் செருகும் முறையை மட்டும் கோரியிருப்பான். அதனால் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். முதல் கோரிக்கையையும், "கோரிக்கை 1-இல் சொன்னபடி" என்று தொடங்காத மற்றக் கோரிக்கைகளையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் அவற்றின் வால்.

ஒரு மாதிரிக்கு நானே எழுதிய கோரிக்கை இது, எந்தக் கம்பெனியுடையதும் இல்லை: "ஒரு செயற்கை ஊட்டக் கலவை, லிட்டருக்கு 0.5 முதல் 5 கிராம் வரை 2'-ஃப்யூகோசில்லாக்டோஸை உள்ளடக்கியது. கைக்குழந்தையின் குடல் தொற்றைக் குறைக்கப் பயன்படுவது."

மூன்று துண்டாகப் பிரிப்போம். "செயற்கை" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் வைப்பார்கள், அது இல்லாவிட்டால் இந்தக் கோரிக்கை நேராகத் தாயின் மார்பின் மேலேயே வந்து விழும், அப்போது புதுமை என்று சொல்ல ஒன்றுமிருக்காது. அடுத்தது அந்த அளவு. பல தாய்மார்களின் பாலில் இந்தப் பொருள் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் அளவில் இருக்கிறது, அதாவது கோரியிருக்கிற எல்லை இயற்கை அளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தாய்ப்பாலைப் பார்த்து அதே அளவுக்குப் போட்டதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்க இடமுண்டு. மூன்றாவது, "பயன்படுவது". ஒரு பொருளின் பயனை மட்டும் கோருவதையும், மனிதருக்குச் செய்யும் சிகிச்சை முறையைக் கோருவதையும் இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. ஐரோப்பாவில் நிற்கிற கோரிக்கை இங்கே நிற்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"உள்ளடக்கியது" என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் கம்ப்ரைசிங் என்று இருந்தால், சொன்ன பொருள்களோடு வேறு எது கலந்தாலும் கோரிக்கைக்குள் வந்துவிடும். கன்சிஸ்டிங் ஆஃப் என்று இருந்தால் சொன்னவை மட்டும்தான், ஒரு பொருள் கூடினாலும் வெளியே. சத்துமாவுக் குழு ஒன்று தன் மாவு மாட்டுமா மாட்டாதா என்று பார்க்க இந்த ஒரு சொல்லே பாதி பதில் சொல்லிவிடும்.

என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், தொட்டியில் நொதிக்கவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை, அது உழைப்பு, 20 வருடத்தில் எல்லோருக்கும் வந்துசேரும். பொருளையே, அல்லது இயற்கை அளவையே, அல்லது பாட்டிமார் செய்துவந்த முறையையே வேலி போட்டு வளைப்பதுதான் அநியாயம். அதை விடக்கூடாது.

சட்டம் எங்கே நம் பக்கம்

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எதெல்லாம் கண்டுபிடிப்பே ஆகாது என்று பட்டியல் போடுகிறது. நமக்கு வேண்டியவை நாலைந்து. 3(சி): இயற்கையில் இருக்கும் உயிருள்ள அல்லது உயிரற்ற பொருளைக் கண்டறிவது கண்டுபிடிப்பு ஆகாது. 3(டி): தெரிந்த பொருளின் புது வடிவம், பலன் கூடியது என்று காட்டாவிட்டால் ஆகாது. 3(இ): வெறும் கலவை ஆகாது, கலந்ததால் தனித்தனியாக இல்லாத புதுக் குணம் வந்ததைக் காட்டவேண்டும். 3(ஐ) சிகிச்சை முறைகள். 3(பி), அதாவது ஆங்கில p: பாரம்பரிய அறிவும், பாரம்பரியமாகத் தெரிந்த பொருள்களின் குணத்தைத் திரட்டித் தருவதும் ஆகாது. பன்னிரண்டு தானியத்தை வறுத்து அரைத்துவிட்டு "நூதன சத்துக் கலவை" என்று வருகிற விண்ணப்பங்களுக்கு 3(இ), 3(பி) இரண்டும்தான் மருந்து.

அமெரிக்காவிலும் இந்தக் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2013-ல் மிரியட் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், உடம்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்ததாலேயே அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்றது. 2023-ல் குரோமடெக்ஸ் வழக்கு இன்னும் நமக்கு நெருக்கம்: பாலில் இயற்கையாக இருக்கிற நிக்கோட்டினமைடு ரிபோசைடு என்ற வைட்டமின் வகையைப் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுக்கும் காப்புரிமையை, பாலில் இருப்பதிலிருந்து இது பெரிதாக வேறுபடவில்லை என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது.

மஞ்சள் கதை எல்லோருக்கும் தெரியும். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது, நம் அரசாங்க ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்து 1997-ல் அது ரத்தானது. ஆனால் எப்படி ஜெயித்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. "எங்க ஊர்ல எல்லாரும் போடுவோம்" என்று சொல்லி ஜெயிக்கவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டில் வழக்கத்தில் இருப்பதைக் கணக்கிலேயே எடுக்காது, அச்சான தாள் வேண்டும். பழைய சமஸ்கிருத நூல்களிலிருந்து 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை வரை 32 ஆதாரங்களை எடுத்துவைத்தார்கள். ஐரோப்பாவில் வேப்பெண்ணெய் காப்புரிமை 2000-ல் ரத்தானதற்கு, அதே வேலையை முன்பே இங்கே செய்துவந்த ஒரு தொழிற்சாலைக்காரரின் சாட்சியம் பெரிய காரணம்.

இந்தியாவில் நமக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. பிரிவு 25(1)-இல் கே என்ற உட்பிரிவு: ஒரு ஊர் மக்களிடமோ பழங்குடியினரிடமோ வாய்வழியாக இருக்கிற அறிவும் ஆதாரம்தான். அதை ஆதாரமாக மாற்றத் தெரிவதில்தான் வேலை இருக்கிறது.

அப்பாயி சொன்னதை ஆதாரமாக்குவது

டிகேடிஎல் என்று அரசாங்கத்தின் பாரம்பரிய அறிவு நூலகம் இருக்கிறதே, அதிலேயே எல்லாம் இருக்காதா என்று கேட்பார்கள். அது சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களிலிருந்து திரட்டியது. நூலில் ஏறிய மருந்து அதில் இருக்கும். அடுப்படியில் மட்டும் இருந்த கஞ்சி இருக்காது. குழந்தை உணவில் பெரும்பகுதி அடுப்படியில்தான் இருந்தது, எழுதி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கேழ்வரகை ஊறவைத்து, வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, கையால் தேய்த்து வேரை உதிர்த்து, லேசாக வறுத்து அரைத்து மெல்லிய துணியில் சலித்து வைப்பார்கள். கெட்டியாகக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் இந்த மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கிண்டினால், கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்ற கஞ்சி கொஞ்ச நேரத்தில் இளகி ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். முளைக்கும் தானியத்தில் உண்டாகிற அமைலேஸ் என்ற என்சைம் மாவுச்சத்தை உடைக்கிறது, அதுதான் காரணம். (ரொம்ப வறுத்துவிட்டால் என்சைம் செத்துவிடும், கஞ்சி இளகாது. "கருக விடாதே" என்று பெரியவர்கள் அடுப்படியில் நின்று சொன்னதில் எத்தனை விஷயம் பாருங்கள்.) இதே என்சைமை வெளியிலிருந்து சேர்த்துத் தானியத்தை உடைப்பதுதான் டப்பாவில் வருகிற எத்தனையோ குழந்தை உணவுகளின் அடிப்படை.

இப்போது இந்த முறையை யாரோ கோரியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் பகுதியில் தொன்றுதொட்டு கேழ்வரகு கொடுத்து வருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் அது குப்பைக்குப் போகும். எந்தப் படியும் இல்லை, எந்தத் தேதியும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "என் வயது 68. திருத்துறைப்பூண்டி வட்டத்தில் இன்ன கிராமத்தில் பிறந்து வளர்ந்தேன். 1979-ல் என் மூத்த மகனுக்கு ஏழாவது மாதத்திலிருந்து இந்தக் கஞ்சியைக் கொடுத்தேன். என் மாமியார் செய்து காட்டினார். கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, ஒன்றரை நாள் துணியில் கட்டி, விரல் நகத்தில் பாதி அளவு முளை வந்ததும் நிழலில் உலர்த்துவோம். கஞ்சி ஆறிய பிறகே மாவைச் சேர்ப்போம், கொதிக்கும்போது சேர்த்தால் இளகாது." ஊறிய நேரம், முளையின் அளவு, சேர்க்கும் சூடு: கோரிக்கையில் என்னென்ன படி இருக்கிறதோ அதற்கு நேராக ஒவ்வொரு வாக்கியம். அதற்காக, செய்யாததைச் செய்ததாக எழுதச் சொல்லிவிடாதீர்கள், ஒரு பொய் அகப்பட்டால் மொத்தமும் போய்விடும். வெவ்வேறு கிராமத்தைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத நாலைந்து பேரிடம் தனித்தனியாக வாங்கி, முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரமாக்கி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அலுவலகம் ஏற்கும் மொழிகள் ஆங்கிலமும் இந்தியும்தான், ஆகவே தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

எல்லா ஆதாரமும் விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு முந்தையதாக இருக்கவேண்டும். நேற்று எடுத்த யூட்யூப் வீடியோ, 2019-ல் போட்ட விண்ணப்பத்தை ஒன்றும் செய்யாது. அதனால் பழைய தாள்தான் பலம், அதற்கு டெல்டாவில் பஞ்சமே இல்லை. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம், சரபோஜி மன்னரின் தன்வந்திரி மகாலில் கையாண்ட மருத்துவத்தைச் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையில் அச்சிட்டிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் உரிய மருந்து, பத்தியம் என்று தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள், அங்கன்வாடிகளில் இணை உணவு தயாரிக்கக் கொடுத்த அரசாங்கக் குறிப்புகள், பழைய மாதர் இதழ்களின் சமையல் பக்கங்கள், தேதியோடு இருக்கிற எதுவும் உதவும். தஞ்சாவூரில் இருக்கிற உணவுப் பதனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் நூலகம் இருக்கிறது. அதன் வேர் திருவாரூரில் வி. சுப்பிரமணியன் தொடங்கிய நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம். அதற்கு முன் அவர் மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐயின் முதல் இயக்குநர், எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பால்மாவு செய்யும் முறையை உலகத்துக்குக் காட்டியது அந்த நிறுவனம்தான். குழந்தை உணவு ஆராய்ச்சி நமக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன், அந்தக் காலத்து மைசூர் கட்டுரைகளும் நல்ல ஆதாரம்.

நெல்லுக்கு வருவோம். பால்குடவாழை, நீலஞ்சம்பா சோறு சாப்பிட்டால் பால் சுரக்கும் என்றும், பூங்கார் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்றும் நம் பக்கம் சொல்வார்கள். நெல் ஜெயராமன் 174 வகை நெல்லை மீட்டு, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி விதையைக் கைமாற்றிக் கொடுத்தாரே, அந்தத் திருவிழா நோட்டீஸ், விதை வாங்கியவர்கள் பட்டியல், அதைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்தி ஒவ்வொன்றும் தேதி போட்ட சாட்சி. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். அதில் நெல்லின் பெயரை மட்டும் எழுதாமல், யாருக்கு, எப்போது, எப்படிச் சமைத்துக் கொடுப்பார்கள் என்பதையும் எழுதவையுங்கள்.

இங்கே ஒன்று முக்கியம். எதிர்ப்புக்கு "இந்த அரிசி பால் சுரக்கவைக்கும்" என்று நிரூபிக்கத் தேவையில்லை, அந்த அறிவு நம்மிடம் முன்பே இருந்தது என்று காட்டினால் போதும். ஆகவே மிகைப்படுத்தி எழுதாதீர்கள். இதில் சொன்ன எதையும் பார்த்து ஆறு மாதத்துக்கு முன் குழந்தைக்குக் கஞ்சியோ உரைமருந்தோ கொடுக்கவும் வேண்டாம். அதுவரை தாய்ப்பால் மட்டும்தான்.

எதிர்ப்பு மனு

விண்ணப்பம் போட்ட 18 மாதம் கழித்து அது காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும், இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது, இணையத்தில் இலவசம். வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் காப்புரிமை வழங்கக்கூடாது என்று விதி. அந்த ஆறு மாதம் நமக்கு நிச்சயமாகக் கிடைக்கிற அவகாசம், அதன் பிறகும் வழங்காமல் இருக்கும்வரை மனு போடலாம், ஆனால் எந்த வாரம் வழங்குவார்கள் என்று சொல்லமுடியாது.

வழங்குவதற்கு முந்தைய எதிர்ப்பைப் பிரிவு 25(1)-இன் கீழ் யார் வேண்டுமானாலும் போடலாம். கம்பெனியாக இருக்கவேண்டியதில்லை, வக்கீலாக இருக்கவேண்டியதில்லை, மகளிர் குழுத் தலைவி போடலாம். படிவம் 7ஏ. விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே போடவேண்டும். நமக்குச் சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, விண்ணப்பம் டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் இருந்தால் அந்தந்த அலுவலகத்துக்கு, ஆன்லைனிலேயே போடலாம். முன்பு இதற்குக் கட்டணம் கிடையாது, 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு உண்டு, தனிநபருக்குக் குறைவு. தொகையை விதிகளின் முதல் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே திருத்தத்தின்படி, மனுவை ஏற்கலாமா என்று கன்ட்ரோலர், அதாவது முடிவெடுக்கிற காப்புரிமை அதிகாரி, முதலில் பார்ப்பார். அதனால் யார் நீங்கள், உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்பதை முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மனுவில் கோபத்தைக் கொட்டாதீர்கள். "பன்னாட்டுக் கொள்ளை" என்று பத்துப் பக்கம் எழுதினால் அதிகாரி அதைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் கோரிக்கை 1-இன் ஒவ்வொரு துண்டு, வலது பக்கம் அதே துண்டு எந்த ஆதாரத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வருடத்தில் இருக்கிறது என்று. அதன் கீழே எந்த உட்பிரிவுப்படி எதிர்க்கிறீர்கள் என்று ஒவ்வொரு வரி: ஏற்கெனவே அச்சில் வந்தது, இந்தியாவில் வழக்கத்தில் இருந்தது, வெளிப்படையானது, பிரிவு 3-இன் கீழ் கண்டுபிடிப்பே அல்ல, வாய்வழி அறிவில் இருந்தது. நேரில் விசாரணை வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு, நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இந்திய நெல்லையோ செடியையோ நுண்ணுயிரையோ வைத்துச் செய்த கண்டுபிடிப்பு என்றால், அது எங்கே கிடைத்தது என்று விண்ணப்பத்தில் சொல்லவேண்டும், தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியோ பதிவோ வேண்டும். ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. பால்குடவாழை என்று பெயர் போட்டுவிட்டு எங்கே வாங்கினோம் என்று சொல்லாமல் விட்டிருந்தால், அல்லது தப்பாகச் சொல்லியிருந்தால், அதுவே 25(1)-இன் ஜே உட்பிரிவின் கீழ் தனிக் காரணம். ஆணையத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

டப்பாவைப் பற்றிச் சுருக்கமாக. ஆஸ்பத்திரியில் பிரசவமான கையோடு "இதுல பேட்டண்ட் வாங்கின தாய்ப்பால் சத்து இருக்கு" என்று யாராவது பால்மாவு சாம்பிளை நீட்டினால், அது காப்புரிமைப் பிரச்சினையே அல்ல. 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டப்படி, 2003 திருத்தத்தோடு சேர்த்து, பால்மாவுக்கு விளம்பரம் செய்வதும் இலவச சாம்பிள் கொடுப்பதும் குற்றம். காப்புரிமை என்பது புதிது என்பதற்கான சான்று, குழந்தைக்கு நல்லது என்பதற்கான சான்று கிடையாது. தாய்ப்பாலையே பதப்படுத்தி விற்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதிக்கவில்லை, 2024 மே மாதம் எச்சரிக்கை அறிவிப்பே கொடுத்தது.

சத்துமாவுக் குழுக்கள் உங்கள் முறையை இப்போதே எழுதித் தேதியோடு வெளியிட்டுவிடுங்கள். வெளியான பிறகு வேறு யாரும் அதைப் புதிது என்று கோரமுடியாது. நீங்களே பின்னால் காப்புரிமைக்குப் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் வெளியிடுவதற்கு முன் ஒரு பேட்டண்ட் ஏஜெண்டிடம் பேசுங்கள், ஏனென்றால் வெளியிட்டது உங்களுக்கும் எதிராக நிற்கும்.

விஷயம் தெரிவதற்குள் காப்புரிமையே வழங்கிவிட்டார்கள் என்றால், வழங்கியது இதழில் வெளியான நாளிலிருந்து ஒரு வருடம் இருக்கிறது. அதற்குப் படிவம் 7, பிரிவு 25(2). இதில் "சம்பந்தப்பட்டவர்" மட்டும்தான் வரமுடியும், அதனால் அதே பொருளைத் தயாரித்து விற்கிற குழுவோ, பயிரிடுகிற விவசாயிகள் சங்கமோ பெயர் கொடுப்பது நல்லது, விற்பனை பில், உணவுப் பாதுகாப்பு உரிமம், சங்கப் பதிவுச் சான்று எல்லாம் சேர்த்து வையுங்கள். அந்த ஒரு வருடமும் தாண்டிவிட்டால் பிரிவு 64-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுதான், அதற்கு வக்கீலும் பணமும் வேண்டும். ஆகவே உங்கள் பொருள் சம்பந்தப்பட்ட நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை இதழில் தேடுகிற வேலையை, குழுவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பெண்ணிடம் பொறுப்பாகக் கொடுத்துவிடுங்கள்.